ஒரே பாறை, இரண்டு உளிகள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும் ஒரு வளைவில் நின்று படம் எடுங்கள். வான் பாயும் அளவுக்குத் தண்ணீர் நிறைந்த மழைக்கால நாளாக இருக்கட்டும். அந்தப் படத்தை நோர்வேயில் எடுத்தது என்று சொல்லிக் காட்டினால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். ஒடுங்கி நீண்ட தண்ணீர், மலை இடுக்குகளுக்குள் புகுந்து போகும் கிளைகள், நேராக நீருக்குள் இறங்கும் சரிவுகள், பாதி மலையை மூடிய முகில், கரையோரத்தில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம். பியோர்ட் எனப்படும் ஒடுங்கிய கடற்கிளைகளைக் காட்டும் நாட்காட்டிப் படங்களில் உள்ளவை அத்தனையும் இங்கேயும் இருக்கின்றன. தேயிலை மட்டும் கூடுதல்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. காசல்ரீயும் பியோர்ட்டும் மூழ்கிய பள்ளத்தாக்குகள். காசல்ரீ மூழ்கிய கதை மலையகத்தில் பலருக்குத் தெரியும். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், மலைநாட்டு ஆறுகளைக் கொண்டே நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கலாம் என்று கணக்கோடு வாதிட்டார். அவர் கேட்டது நடக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. லக்சபான 1950இல் வந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ அணை 1965இல் வந்தது. அதன் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கிச் சுழற்றும் 50 மெகாவாற்று நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்தார்கள். 1969இல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவுக்குக் குறுக்கே மவுஸ்ஸாகலை அணை எழுந்தது. அதில் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கு அடியில் போனது. வரட்சி கடுமையான ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேலே தெரியும். சனம் திரண்டு போய்ப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வரும்.

பியோர்ட்டை மூழ்கடித்தது கடல். பனியாறு ஒன்று மலைக்குள் பல்லாயிரம் ஆண்டு அறுத்து, கடல் மட்டத்துக்கும் கீழே வரை தோண்டிய பள்ளத்தாக்கு அது. பனி உருகிப் பின்வாங்கியதும் கடல் உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக, இரண்டு இடத்திலும் மேலே தெரிவது ஒரே மாதிரித் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் யார் வெட்டியது என்பதுதான் வேறுபாடு. காசல்ரீயை வெட்டியது ஆறு. பியோர்ட்டை வெட்டியது பனி. ஆறு ஓர் உளி என்றால் பனி இன்னோர் உளி. எந்த உளி எந்தத் தடத்தை விட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டால், ஒரு மலையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் கடந்த காலத்தைச் சொல்லிவிடலாம்.

அந்தத் தடங்களைப் பார்க்கச் சிறு படகைவிடச் சிறந்த இடம் இல்லை. பெரிய உல்லாசக் கப்பலின் பத்தாவது தளத்தில் நின்றால் பியோர்ட் ஒரு காட்சி, அவ்வளவுதான். 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்ற சுவீடன்காரர் சுற்றுலாப் பயணிகளை அந்தாட்டிக்காவுக்கு அழைத்துப் போனார். 1969இல் அதற்கென்றே ஒரு சிறிய கப்பலைக் கட்டி, அதில் காற்றடைத்த இரப்பர்ப் படகுகளை ஏற்றினார். ஆய்வுப் பயணம் என்று இன்று விளம்பரப்படுத்தும் கப்பல் சுற்றுலாவின் தொடக்கம் அது. நூறு, இருநூறு பேர் கொள்ளும் கப்பல் பியோர்ட்டின் நடுவே நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வீதம் சோடியாக் எனப்படும் இரப்பர்ப் படகில் இறங்கிக் கரையை ஒட்டிப் போவார்கள். படகில் இறங்குவதற்கே ஒரு முறை இருக்கிறது: படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடிக்க வேண்டும், அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கையுறை வழுக்கினாலும் பிடி விடாது. லிண்ட்பிளாட்டின் அந்தக் கப்பல் 2007 நவம்பரில் அந்தாட்டிக்கக் கடலில் பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

நோர்வேயின் வடக்கே, 79 பாகை அகலாங்குக்கு அருகில், ஸ்வல்பார்ட் தீவுக்கூட்டத்தில் கொங்ஸ்ஃபியோர்ட் என்று ஒரு பியோர்ட் இருக்கிறது. அதன் உள்முனையில் குரோனப்ரீன் என்ற பனியாறு நேராகக் கடலில் வந்து முடிகிறது. சிறு படகு அந்தப் பனிச் சுவருக்குக் கிட்டப் போகாது; சுவரின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்தில் நிற்கும், ஏனென்றால் பனித்துண்டு உடைந்து விழுந்தால் அலை அங்கே வரை வரும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்துவார். அப்போது ஒரு சத்தம் கேட்கும்: சுற்றிலும் மிதக்கும் பனிக்கட்டிகளிலிருந்து இடைவிடாத படபடப்பு. பனியாறு உருவான காலத்தில் பனித்தூளுக்குள் அகப்பட்ட காற்று, மேலே அடுக்கடுக்காக விழுந்த பனியின் பாரத்தில் நசுங்கிச் சிறு குமிழ்களாக இருந்தது. இப்போது பனி உருக, குமிழ் ஒவ்வொன்றும் வெடித்துத் திறக்கிறது. படகில் இருப்பவர் காதில் விழுவது பல நூறு ஆண்டுக்கு முந்திய காற்று வெளியேறும் ஓசை. தண்ணீருக்கு அடியில் இந்த ஓசை இன்னும் பெரிது. கடலில் இயற்கையாகவே மிகுந்த இரைச்சல் உள்ள இடங்களில் பனியாற்றுப் பியோர்ட்களும் அடங்கும் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். தெளிவாக இராது. பனியின் அடியில் பாறை அரைபட்டு மாவாகி உருகுநீரோடு வருவதால் கலங்கிய பால் போல இருக்கும். கொங்ஸ்ஃபியோர்ட்டின் உள்முனையில் சிவப்பு மணற்பாறை அரைபடுவதால் சில பக்கங்களில் செம்மண் நிறமாகவே இருக்கும். மழை நாளில் காசல்ரீக்குள் வந்து விழும் ஓடையின் நிறமும் ஏறக்குறைய அதேதான். பனிச் சுவரின் அடியிலிருந்து நன்னீர் பொங்கி மேலே வரும் இடத்தில் கிட்டிவேக் கடற்பறவைகள் கூட்டமாக மொய்க்கும். பொங்கும் நீர் ஆழத்திலுள்ள சிற்றுயிர்களை மேலே தள்ளுவதால் அங்கே அவற்றுக்கு இரை தயாராகக் கிடைக்கிறது. பறவை கூடும் இடத்தை வைத்தே, பனிக்குக் கீழே ஓடும் ஆறு எங்கே கடலில் திறக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இனி அந்த உளி வேலை செய்யும் விதத்துக்கு வருவோம். 1,000 மீற்றர் தடித்த பனி தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீற்றரையும் 900 தொன்னுக்கு மேற்பட்ட எடையால் அழுத்துகிறது. அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. தன் பாரத்தாலேயே மெல்ல இளகிச் சரிவில் இறங்குகிறது. வெறும் பனி பாறையைச் சுரண்டாது, பாறையைவிட அது மெத்தென்றது. ஆனால் அடியில் உருகும் நீர் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து மீண்டும் உறையும்போது பாறைத் துண்டுகள் பெயர்ந்து பனியோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் துண்டுகள்தான் அரத்தின் பற்கள். அவை தரையையும் இரு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் தேய்க்கும். அதனால்தான் பனி போன பள்ளத்தாக்கு யூ வடிவில், அகன்ற தரையும் செங்குத்துச் சுவருமாக இருக்கிறது. சுவரில் படகு ஒட்டிப் போகும்போது, பாறை முகத்தில் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பனி எந்தப் பக்கமாக நகர்ந்தது என்பதற்கு அவையே சாட்சி. நோர்வேயின் பள்ளத்தாக்குகளை வெட்டியது பழங்காலப் பனியாறுகளே என்று 1824இல் யென்ஸ் எஸ்மார்க் எழுதியபோது அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. லூயி அகாசி பனியாறுகளைப் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1840இல். அதற்குப் பிறகுதான் உலகம் பனியுகத்தை மெல்ல நம்பத் தொடங்கியது.

ஆறும் பனியும் வேறுபடும் இன்னோர் இடம் ஆழம். ஆறு கடல் மட்டத்தை எட்டியதும் அதன் வெட்டு நின்றுவிடும். கீழே போக அதற்கு வழி இல்லை. பனி அப்படி இல்லை. அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே 1,000 மீற்றர் தடித்த பனியாறு மிதக்க வேண்டுமானால் ஏறத்தாழ 900 மீற்றர் ஆழமான நீர் வேண்டும். அதுவரை அது தரையில் உட்கார்ந்தபடியே கடலுக்கு அடியிலும் வெட்டிக்கொண்டு போகும். நோர்வேயின் சொங்ன பியோர்ட் இதற்குப் பெரிய சான்று. 200 கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டுக்குள் போகும் அதன் மிகப் பெரிய ஆழம் 1,308 மீற்றர். கரையோர மலைகள் 1,000 மீற்றருக்கு மேல் எழுகின்றன. நம் சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். அதை அந்தப் பியோர்ட்டின் அடித்தரையில் கொண்டுபோய் நட்டால், உச்சி சுற்றியுள்ள மலைகளைத் தாண்டித் தெரியாது.

அவ்வளவு ஆழமான பியோர்ட் கடலோடு சேரும் வாசலில் 200 மீற்றர்கூட ஆழமில்லை. உள்ளே ஆழம், வாயில் மேடு. ஆறு இப்படி ஒருபோதும் வெட்டாது. மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டுத் தடித்து ஓடிய பனி, திறந்த வெளிக்கு வந்ததும் பரந்து மெலிந்து வலுவிழந்தது. சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் அங்கேயே போட்டது. அந்த வாசல் மேடு இன்று பியோர்ட்டின் உயிர்களையே ஆள்கிறது. மேடு உயரமாக இருந்தால் வெளிக்கடலின் நீர் ஆழத்துக்குள் எளிதில் வராது; அடிநீர் தேங்கி, ஒட்சிசன் குறைந்து போகும். மேடு இல்லாவிட்டால் வெளிக்கடல் தாராளமாக உள்ளே வரும். கொங்ஸ்ஃபியோர்ட்டுக்கு அப்படிப்பட்ட மேடு இல்லை. அதன் விளைவை இந்த அத்தியாயத்தின் பின்பகுதியில் பார்ப்போம்.

இப்போது காசல்ரீக்குத் திரும்பலாம். நீர்மட்டம் இறங்கிய மாதத்தில் போங்கள். தேயிலை முடியும் விளிம்புக்குக் கீழே பச்சை நின்றுவிடும். செம்மண் கரை படிப்படியாகத் தெரியும், ஒவ்வொரு படியும் தண்ணீர் சில நாள் தங்கிப்போன மட்டம். இரு கரையும் சாய்ந்து சாய்ந்து இறங்கி, நடுவில் ஒரு கோட்டில் சந்திப்பதைப் பார்க்கலாம். அந்தக் கோடுதான் கெஹெல்கமு ஓயாவின் பழைய படுகை. அது நேராகப் போகாது. வளைந்து வளைந்து, இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி நீண்டு வரும் மலை மூக்குகளைச் சுற்றிக்கொண்டு போகும். ஆறு பாறையோடு மல்லுக்கட்டாமல் சுற்றிப் போகக் கூடியது. பனியாற்றுக்கு வளைய வராது. குறுக்கே நீளும் மூக்குகளை அறுத்தெறிந்துவிட்டு நேராகப் போகும். பியோர்ட்டில் நின்றால் கிலோமீற்றர் கணக்கில் தொலைவு வரை ஒரே பார்வையில் தெரிவதும், காசல்ரீயில் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று படகு திரும்பும்வரை தெரியாததும் இதனால்தான்.

அதைவிட முக்கியமான சான்று, கிளைகள் வந்து சேரும் இடம். காசல்ரீக்குள் இறங்கும் ஓடைகளைப் பின்தொடர்ந்து போனால், அவை பெரிய ஆற்றின் மட்டத்திலேயே அதோடு சேருவதைக் காணலாம். நீர்த்தேக்கம் நிறையும்போது அதன் கிளைகள் மலை இடுக்குகளுக்குள் அவ்வளவு தூரம் புகுவதற்கும் இதுவே காரணம். ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் பிளேஃபெயர் 1802இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார்: கிளையாறுகள் எல்லாம் தாயாற்றின் மட்டத்திலேயே வந்து சேருகின்றன, ஆறே பள்ளத்தாக்கை வெட்டாவிட்டால் இப்படிப் பொருத்தம் அமைய வழியே இல்லை. பியோர்ட் இந்த விதியை மீறுகிறது. பெரிய பனியாறு தடித்தது, ஆழமாக வெட்டியது. பக்கத்துச் சிறு பனியாறு மெல்லியது, மேலோட்டமாக வெட்டியது. பனியின் மேற்பரப்பு சமமாக இருந்தவரை இந்த வேறுபாடு தெரியவில்லை. பனி போனதும் சிறு பள்ளத்தாக்கின் வாய் பல நூறு மீற்றர் உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. நோர்வேயின் கெய்ராங்கர் பியோர்ட்டில் ஏழு சகோதரிகள் அருவியும், நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டில் ஸ்டேர்லிங் அருவியும் அப்படித் தொங்கும் வாய்களிலிருந்துதான் விழுகின்றன. சிறு படகுகள் ஸ்டேர்லிங் அருவியின் சாரலுக்குள்ளேயே போய்த் திரும்பும்.

மலையகத்திலும் அருவிக்குக் குறைவில்லையே என்று கேட்கலாம். தலவாக்கலைப் பக்கம் போனால் டெவன், சென்கிளேயர் இரண்டையும் ஒரே பாதையில் பார்க்கலாம். ஆனால் அவை தொங்கும் பள்ளத்தாக்கின் அருவிகள் அல்ல. இலங்கை நிலம் கடற்கரையிலிருந்து நடுமலை வரை மூன்று மட்டங்களாகப் படிப்படியாக உயர்கிறது. ஆறுகள் ஒரு படியிலிருந்து மறு படிக்கு இறங்கும் இடத்தில், அதுவும் அரிப்புக்கு எளிதில் இடம்கொடாத கடும்பாறை குறுக்கே வரும் இடத்தில், அருவி பிறக்கிறது. சென்கிளேயரின் பெரும் நீர் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் போய்விட்டது. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வெறும் பாறையைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

இந்த அத்தியாயத்துக்குப் பெயர் தந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. ஹட்டன், நுவரெலியாப் பாதைகளில் மலையை வெட்டிய இடங்களில் பாறையை நெருங்கிப் பாருங்கள். வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி வரும் கல்லில், மிளகளவில், சில சமயம் அதைவிடப் பெரிதாக, செந்நிறப் புள்ளிகள் இருக்கும். அவை காணெற்று மணிகள். பூமியின் ஆழத்தில், கடும் அழுத்தத்திலும் 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் வெந்த பாறையில் விளைபவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன், கண்டத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, கொண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது எழுந்த மலைத்தொடர் ஒன்றின் வேர்ப்பகுதி அது. அந்த மலைத்தொடரின் இன்னொரு துண்டு இன்று அந்தாட்டிக்காவில், லுட்சோ-ஹோல்ம் விரிகுடாக் கரையில் இருக்கிறது. யப்பான் 1957இல் அமைத்த ஷோவா ஆய்வு நிலையம் அங்கேதான். அங்கிருந்து எடுத்து வந்த பாறைகளையும் இலங்கைப் பாறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயதையும் கனிமங்களையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே தொடரின் துண்டுகள் என்று புவியியலாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுக்கு முன் இந்த இரண்டு துண்டுகளும் பிரிந்தன. நம் துண்டு இந்தியாவோடு வடக்கே நகர்ந்து நிலநடுக்கோட்டுக்கு அருகில் வந்து நின்றது. மற்றத் துண்டு தென்முனையிலேயே தங்கியது. ஒரே பாறை. ஒன்றின் மேல் மழை பெய்தது, வேர் இறங்கியது, ஆறு ஓடியது. மற்றதன் மேல் பனி ஏறியது. லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவுக்குள் இறங்கும் ஷிராசே பனியாறு ஆண்டுக்கு 2 கிலோமீற்றருக்கு மேல் நகரும் வேகத்தில் இன்றும் அந்தப் பாறையை அறுத்துக்கொண்டிருக்கிறது. காசல்ரீ எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு இயற்கையே நடத்திக் காட்டிய சோதனை அது. இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு உலகில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

சரி, பனியுகத்தில் உலகமே குளிர்ந்ததே, அப்போது நுவரெலியா மலைகளில் பனியாறு உருவாகவில்லையா? இல்லை. காரணம் உயரம். 20,000 ஆண்டுக்கு முன் குளிர் உச்சத்தில் இருந்தபோதும், வெப்பமண்டல மலைகளில் பனி நிலைத்து நிற்கும் கோடு பல இடங்களில் 3,600 மீற்றருக்குக் கீழே இறங்கவில்லை. நம் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர். போர்னியோவின் கினபாலு மலை கிட்டத்தட்ட நம் அகலாங்கிலேயே, 6 பாகை வடக்கில் இருக்கிறது. ஆனால் உயரம் 4,095 மீற்றர். அதன் உச்சியில் பனியாறு இருந்ததற்கான கீறல்களும் வழுவழுப்பான பாறைகளும் உண்டு. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாத் தேயிலையைக் கருக்கும் உறைபனியே நமக்கு வாய்த்த பனி.

ஆனாலும் பனியுகம் நம்மைத் தொடாமல் போகவில்லை. ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணைக் குழாயால் குடைந்தெடுத்து, அதிலுள்ள மகரந்தங்களைப் பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் ஆராய்ந்தார்கள். 24,000 ஆண்டு வரை பின்னோக்கிப் போகும் அந்தப் பதிவில், குளிர் உச்சத்தில் பருவமழை மெலிந்து சமவெளி வரண்டு கிடந்த காலம் தெளிவாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் கரையில் நடந்தது. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் கிலோமீற்றர் கணக்கில் தடித்துக் குவிந்த பனிக்கெல்லாம் நீர் கொடுத்தது கடல். அதனால் உலகக் கடல் மட்டம் 120 மீற்றருக்கும் கீழே இறங்கியது. பாக்கு நீரிணையில் சராசரி ஆழம் 20 மீற்றர்கூட இல்லை. ஆகவே இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து வந்திருக்கலாம். நோர்வேயின் மலைகளைப் பனி அறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இலங்கை தீவாக இருக்கவில்லை. பனி உருக, கடல் ஏறியது. பியோர்ட்களும் நிறைந்தன, பாக்கு நீரிணையும் நிறைந்தது. இரண்டையும் நிரப்பியது ஒரே நிகழ்ச்சி. 1980களிலும் 90களிலும் வட நோர்வேயின் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் கண்ட கடலுக்கும், அவர்கள் விட்டுவந்த கடலுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

பனி வராமல் போனதால் நமக்குக் கிடைத்தது மண். பனி போன நாட்டில் மலைச் சுவர் வெறும் பாறை. மண் இருந்தால் ஒரு சாண், இரண்டு சாண். நோர்வேயின் பியோர்ட் ஓரங்களில் விவசாயம் என்பது ஆற்று முகங்களில் படிந்த சிறு துண்டு நிலங்களோடு சரி. இங்கேயோ கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் வெயிலிலும் பாறை தானிருந்த இடத்திலேயே உக்கி மண்ணாகியிருக்கிறது. சில இடங்களில் பத்து மீற்றர் தோண்டினாலும் கடும்பாறை தட்டாது. தேயிலை ஆழமான, புளிப்பான மண்ணில் வேர்விடும் செடி. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1869இல் வந்த கோப்பித் துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அந்த மண்ணைப் பனி சுரண்டிப் போயிருந்தால் இந்தத் தோட்டங்கள் இல்லை, லயங்கள் இல்லை, மலையகத் தமிழர் என்ற சமூகமே வேறு எங்கோ வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் அதே ஆழமான மண்தான் மழையில் ஊறிச் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. பியோர்ட்களிலும் மலை சரிகிறது. அங்கே சரிவது மண்ணல்ல, பாறை. சுவரைத் தாங்கி நின்ற பனி போய்விட்டதால் சுவர் வலுவிழந்து விழுகிறது. 1934 ஏப்ரலில் நோர்வேயின் தாஃப்யோர்டில் விழுந்த பாறை எழுப்பிய அலையில் 40 பேர் இறந்தார்கள். 2023 செப்டெம்பரில் கிழக்குக் கிறீன்லாந்தின் டிக்சன் பியோர்ட்டில் மலையொன்று சரிய, 200 மீற்றர் உயர அலை எழுந்தது. பிறகு அந்த ஒடுங்கிய நீர் சுவருக்குச் சுவர் மோதி மோதி ஒன்பது நாள் ஆடியது. அந்த ஆட்டத்தின் அதிர்வை உலகெங்கும் நிலநடுக்க மானிகள் பதிந்தன. ஆளில்லா இடமாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. நோர்வே கெய்ராங்கருக்கு அருகிலுள்ள ஓகர்னெஸ் மலையின் வெடிப்பை இரவு பகலாகக் கருவி வைத்து அளந்துகொண்டே இருக்கிறது. அசைவு கூடினால் கரையோர ஊர்களை முன்கூட்டியே வெளியேற்றுவார்கள். இங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது. ஆனால் எச்சரிக்கை வந்ததும் எழுந்து போக லயத்துக் குடும்பத்துக்கு வேறு நிலம் வேண்டும், வேறு கூரை வேண்டும். கருவி வாங்குவதைவிட அதுதான் முதலில் நடக்க வேண்டியது.

கொங்ஸ்ஃபியோர்ட்டின் விளைவைப் பார்ப்போம் என்று சொன்னேன். வாசல் மேடு இல்லாததால் அத்திலாந்திக்கின் வெதுவெதுப்பான நீர் அதற்குள் தாராளமாக வருகிறது. 2006ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து அந்தப் பியோர்ட் முன்போல் முழுதாக உறைவதில்லை. அதன் கரையிலுள்ள நி-ஓலசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962இல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்த பிறகு சுரங்கத்தை மூடினார்கள். இன்று அது பல நாடுகளின் ஆய்வு ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை 1ஆம் திகதி அங்கே திறந்தது. 2014 ஜூலையில் அந்தப் பியோர்ட்டுக்குள் 192 மீற்றர் ஆழத்தில், இண்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொடரை இந்திய அறிவியலாளர்கள் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அடியிலிருந்து மேலே வரை வடத்தில் கோத்த கருவிகள் நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் ஆகியவற்றை ஆண்டு முழுவதும், சூரியனே எழாத குளிர்கால மாதங்களிலும் பதிந்துகொண்டிருக்கும். அதை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்று சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஆர்க்டிக் கடலின் வெப்பத்துக்கும் தென்னாசியப் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பதே இந்தியா அங்கே போனதற்கான பெரிய கேள்விகளில் ஒன்று. காசல்ரீ நிரம்புவதும் வரள்வதும் அந்தப் பருவமழையின் கையில்தான் இருக்கிறது.

பனியாறுகள் பின்வாங்கப் பின்வாங்க, அவற்றைப் பார்க்கப் போகும் கப்பல்களும் பெருகுகின்றன. 2025இன் தொடக்கத்திலிருந்து ஸ்வல்பார்ட்டின் காப்புப் பகுதிகளில் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது என்று நோர்வே சட்டம் போட்டது. நல்ல சட்டம். பியோர்ட்டைச் சிறு படகில் இருந்து பார்த்தவர்கள் அதன் பாதுகாப்புக்காகப் பேசுகிறார்கள் என்று சுற்றுலா நிறுவனங்கள் சொல்லிக்கொள்ளும். சிலர் பேசுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் படகுக்குப் போய்ச் சேர எரிக்கும் எண்ணெய்க் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலையகத்தில் இருக்கும் நாம் அந்த அளவு செலவழிக்கத் தேவையில்லை. பாதிப் பாடம் நம் வாசலிலேயே இருக்கிறது.

மலையகப் பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூ வடிவப் பள்ளத்தாக்கு, வீ வடிவப் பள்ளத்தாக்கு என்று கரும்பலகையில் இரண்டு படம் வரைந்து பாடத்தை முடித்துவிடாதீர்கள். காசல்ரீயிலோ மவுஸ்ஸாகலையிலோ நீர்மட்டம் இறங்கிய ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பாதுகாப்பாக மேலேயுள்ள பாதைக்கு அழைத்துப் போங்கள். சேற்றுக் கரையில் இறங்க விடாதீர்கள். பாதையில் நின்றபடியே, எதிர்க்கரையின் சரிவையும் நடுவில் ஓடும் பழைய படுகையையும் ஓடைகள் வந்து சேரும் மட்டத்தையும் அவர்கள் கையாலேயே வரையட்டும். திரும்பும் வழியில் பாதையோரப் பாறையில் காணெற்று மணியைத் தேடச் சொல்லுங்கள். பிறகு லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவின் படம் ஒன்றைக் காட்டி, இரண்டும் ஒரே பாறை என்று சொல்லுங்கள்.